கண்டீரவாவில் சென்னையின் வரும் நாள்: அவே பிளாக் எப்படி இருக்கணும்?

அல்சூர்_ஏரிக்கரை

சென்னையின் எஃப்சி கால்பந்து அணி பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பெங்களூரு தமிழ் ரசிகர்களுக்குள் இதே வாக்குவாதம். "வெளியூர்க்காரனுக்கு டிக்கெட்டே தரக்கூடாது" என்று ஒரு கட்சி. "ரெண்டு பக்கமும் தமிழ்தானே பேசுறாங்க, கலந்து உட்கார்ந்தா என்ன" என்று இன்னொரு கட்சி. ரெண்டுமே தப்பு என்பது என் கருத்து. வரட்டும், தொண்டை கிழியப் பாடட்டும். ஆனால் அவே பிளாக்குக்கு, அதாவது வெளியூர் ரசிகர்கள் உட்காரும் பகுதிக்கு, தனி கேட், தனி படிக்கட்டு, தனி கழிப்பறை, தனி வெளியேறும் நேரம். இதைச் சரியாகச் செய்ய என்னென்ன வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "ரசிகர்கள் பண்பாக நடக்க வேண்டும்" என்று எழுதினால் கேட்டில் ஒரு வரிசைகூட நகராது.

நான் இரண்டைச் சொல்லித் தொடங்குகிறேன்.

முதல் சிக்கல் நிறம். பெங்களூரும் நீலம், சென்னையும் நீலம். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களான மஞ்சப்படை வந்தால் கேட்டில் நிற்கிற பையனுக்கு நூறு அடியிலேயே மஞ்சள் தெரிந்துவிடும். சென்னை ஆட்டத்தில் ஜெர்சியைப் பார்த்து ஆளைப் பிரிக்கவே முடியாது. அதுவும் ராத்திரி ஏழு மணிக்கு, மேலே ஒரு ஜாக்கெட் போட்டிருந்தால் சுத்தமாக முடியாது. அதனால் பிரிப்பது டிக்கெட்டை வைத்துத்தான். டிக்கெட் ஸ்கேன் ஆன பிறகு, கேட்டுக்கு உள்பக்கம், கையில் ஒரு ஆரஞ்சுப் பட்டை கட்ட வேண்டும். வெளியே வரிசையில் நிற்கும்போதே கட்டினால் கை மாறிவிடும். பிய்த்தால் கிழிகிற காகிதப் பட்டைதான் சரி. ரப்பர் பட்டையைக் கழற்றி நண்பனுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, இந்தச் சூடு மைதானத்துக்குள் பிறப்பதில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னது. மார்ச் 17 அன்று இதே கண்டீரவாவில் ஐஎஸ்எல் கால்பந்து இறுதி ஆட்டம். 9வது நிமிடம் பெங்களூரின் சேத்ரி, பிறகு சென்னை பக்கம் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தலைமுட்டல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று, கடைசியில் பெங்களூரின் மிக்கு. 3–2 என்று சென்னை கோப்பையைத் தூக்கியது. நடுவில் 29 நாள்தான். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டத்தில் செருப்பு பறந்து, சிஎஸ்கேயின் உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கே மாற்றினார்கள். இந்த நாட்களை நாட்காட்டியில் பார்க்காமல் எவரும் பாதுகாப்புத் திட்டம் போடக்கூடாது.

---

பழைய_ஐலீக்

அண்ணா, எனக்கு இதில் உடன்பாடில்லை. தடுப்பு போட்ட இடத்தில்தான் சண்டை வருகிறது. கம்பி இல்லாத இடத்தில் ஒருத்தன் பக்கத்து சீட்காரனிடம் "என்ன ஸ்கோர் ஆகும்" என்று கேட்பான். கம்பி கட்டினால் அதே ஆள் கம்பியைப் பிடித்து ஆட்டுவான். எதிரி எங்கே இருக்கிறான் என்று நாமே கோடு போட்டுக் காட்டுகிறோம்.

கொல்கத்தாவைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 18, டூரண்ட் கோப்பை டெர்பி ரத்து. அன்றைக்கு சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ரசிகர்கள் சேர்ந்து நின்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நியாயம் கேட்டார்கள். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்றார்கள். நூறு வருஷப் பகை உள்ளவர்களுக்கு முடிகிறது. பத்து வருஷப் பகை உள்ள நமக்கு முடியாதா?

---

எட்டாவது_லேன்

> தடுப்பு போட்ட இடத்தில்தான் சண்டை வருகிறது

அதே கொல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 என்றொரு நாள் இருக்கிறது. ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டம். இரு அணி ரசிகர்களையும் ஒரே ஸ்டாண்டில் உட்கார வைத்தார்கள். களத்தில் ஒரு மோதல், சிவப்பு அட்டை, அது ஸ்டாண்டில் கல்லாக மாறியது. 16 பேர் செத்தார்கள். படிக்கட்டில் விழுந்தும் மிதிபட்டும் போன உயிர்கள் அவை. 2024இல் தோளோடு தோள் நின்றது தெருவில், ஒரே கோரிக்கைக்காக. 90வது நிமிடத்தில் ஒரு பெனால்டி கொடுக்கப்படும் ஸ்டாண்ட் வேறு விஷயம். அந்த நேரத்தில் பாதிப் பேர் குதிப்பார்கள், பாதிப் பேர் தலையில் கை வைப்பார்கள். பொறி விழுவது அங்கேதான்: கோல் விழுந்து முதல் 10 வினாடி, உங்கள் மூக்குக்கு முன்னால் ஒருத்தன் ஆடுகிறான்.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது. வெறும் கம்பி மட்டும் போட்டால் அது ஏறிப் பிடிக்கும் இடமாகிவிடும். கம்பி எல்லையாகாது, வெற்றிடம்தான் எல்லை. அவே பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவில் சீட்டுகளை விற்காமல் விட வேண்டும். ஐந்து மீட்டர் விட்டால் கை எட்டாது, ஆனால் தண்ணீர் பாக்கெட் எட்டும். பத்து மீட்டர் விட்டால் பாக்கெட் வீசுபவனுக்கு ஆர்வம் போய்விடும், வார்த்தையும் பாதி காற்றில் கரையும். காலி சீட்டுகள் மேல் வலையோ தார்ப்பாயோ இழுத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் இரண்டாம் பாதியில் அது "நல்ல சீட்டு" ஆகிவிடும், ஒவ்வொருவராக நகர்ந்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வெற்றிடத்தின் இரண்டு ஓரத்திலும் ஸ்டூவர்ட் வரிசை, அதாவது கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மைதான ஊழியர்கள். எல்லாரும் செய்யும் தவறு இங்கேதான்: ஸ்டூவர்ட்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் முகம் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், முதுகு களத்துக்கு. நிற்காமல் தாழ்வான ஸ்டூலில் உட்கார வேண்டும், பின்னால் இருப்பவன் பார்வை மறைந்தால் அதுவே தனிச் சண்டை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். கால்பந்து பிடிக்கிற பையனை இந்த வேலையில் போடாதீர்கள், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் தலை திரும்பும்.

கண்டீரவாவுக்கு ஒரு வசதி உண்டு. களத்தைச் சுற்றி ஓடுதளம். ஒரு பாதை 1.22 மீட்டர், எட்டுப் பாதை என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர். ஸ்டாண்டிலிருந்து எறிந்தது ஆட்டக்காரர் மேல் விழுவது கஷ்டம். அதனால் இங்கே ஆபத்து முன்னால் இல்லை. பக்கவாட்டில், பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில். காவலர்களை எல்லாம் ஓடுதளத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பது டிவியில் நன்றாக இருக்கும், பயன் குறைவு.

---

மெரினா_நீலம்

சென்னைலேர்ந்து வர்றவங்க பக்கம் என்ன நடக்குதுன்னு யாரும் எழுதல, அதனால எழுதுறேன்.

ரோட்டுல 350 கிலோமீட்டர் வந்து இறங்குறவன் கையில பை இருக்கும். அதுல பவர் பேங்க், சார்ஜர், டியோடரன்ட், வீட்டுச் சாப்பாட்டு டப்பா. கேட்ல "இது உள்ள போகாது" னு சொல்லுவாங்க. சரி, எங்க வைக்கிறது? "வெளில போட்டுட்டு வா." ரெண்டாயிரம் ரூபா பவர் பேங்கை யாரு ரோட்ல போடுவான்? முதல் தகராறு அங்கதான். அப்போ வர்ற கோபம் எதிர் டீம் மேல கிடையாது, ஆனா உள்ள போனதும் அங்கதான் போய் இறங்கும்.

தீர்வு ரொம்பச் சின்னது. அவே கேட் பக்கத்துல ஒரு டேபிள், ரெண்டு ஆளு, நம்பர் போட்ட டோக்கன், ஜிப்லாக் கவர். டோக்கன்ல பாதி கவர்ல, பாதி கையில. 500 பேர் வந்தா 150 பொருள் வரும்னு வெச்சுக்கங்க. அப்புறம் முக்கியமான விஷயம், கவுன்ட்டர் வெளிய வர்ற வழியில இருக்கணும். உள்ள வந்த வழியில வெச்சா, ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் எதிர்த் திசைல போய் ஹோம் கூட்டத்துல மாட்டுவாங்க.

பஸ் விஷயம். தமிழ்நாடு நம்பர் பிளேட். 1991 டிசம்பர்ல இந்த ஊர்ல தமிழருக்கு என்ன நடந்துச்சு, 2016 செப்டம்பர்ல எத்தனை பஸ் எரிஞ்சுது, நான் சொல்ல வேண்டியதில்ல. காவிரி செய்தில ஓடுற வாரமா இருந்தா பஸ்ஸை கஸ்தூர்பா ரோட்டு ஓரத்துல, ஹட்சன் சர்க்கிள் பக்கம் நிறுத்தவே கூடாது. காம்பவுண்டு உள்ள இடம் கேளுங்க. கண்ணாடில பெரிய பேனர் கட்டிக்கிட்டு அத்திப்பள்ளி தாண்ட வேணாம், உள்ள வந்து கட்டிக்கலாம். டிரைவர் பஸ்லயே இருக்கணும், ஆட்டம் பாக்கப் போயிட்டா 9.30க்கு அவரைத் தேடுறதே வேலையாயிடும்.

---

காக்ஸ்டவுன்_சித்ரா

டேபிள், டோக்கன் எல்லாம் சரி. பெண்கள் வரிசையைப் பற்றி யாருமே எழுதவில்லையே.

சோதனைக்கு ஒரே ஒரு பெண் காவலர் இருப்பார். ஆண்கள் பக்கம் மூன்று வரிசை ஓடும், உள்ளே போன ஆண்கள் கூட வந்த பெண்களுக்காகக் கேட் வாசலிலேயே நிற்பார்கள். பின்னால் வருபவர் அவர்கள் மேல் முட்டுவார். கேட்டின் தொண்டை அடைபடுவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் தள்ளி அல்ல. இரண்டு பெண் காவலர் வேண்டும், கூடவே கேட்டுக்குள் பத்து மீட்டர் தள்ளி "இங்கே காத்திருங்கள்" என்று ஒரு இடம் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

கழிப்பறையும் அப்படியே. அவே பிளாக்குக்கு ஆண்கள் கழிப்பறை ஒதுக்குவார்கள், பெண்களை மட்டும் "அந்தப் பக்கம் போங்கள்" என்று ஹோம் பக்கத்துக்கு அனுப்புவார்கள். இடைவேளை 15 நிமிடத்தில் எதிரணி ஜெர்சியோடு ஒரு பெண் தனியாக அந்தக் கூட்டத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். இதை யோசிக்காமல் பிரித்து வைத்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. நிரந்தரக் கழிப்பறை இல்லாவிட்டால் இரண்டு நடமாடும் கழிப்பறையை அவே பக்கமே இறக்குங்கள்.

---

எட்டாவது_லேன்

சித்ரா சொன்ன தொண்டை அடைப்பை எண்ணிக்கையில் பார்ப்போம். மனக்கணக்குதான்.

ஒரு ஆளைத் தடவிச் சோதிக்க 10 வினாடி என்றால் ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 6 பேர், மணிக்கு 360. அவே பிளாக்கில் 800 பேர் என்றால் மூன்று வரிசை போதும் என்று தாளில் தோன்றும். ஆனால் கூட்டம் சீராக வராது. பஸ் ஒன்று நின்றால் 45 பேர் ஒரே மூச்சில் இறங்குவார்கள். 7.30 ஆட்டத்துக்குக் கடைசி 40 நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும் என்று வையுங்கள், 530 பேர். நிமிடத்துக்கு 13க்கு மேல். பை இருந்தால் சோதனை 20 வினாடி ஆகும், வரிசைக்கு நிமிடத்துக்கு மூன்றே பேர். அப்போது ஐந்து வரிசை வேண்டும். மூன்றே வரிசை இருந்தால் ஆட்டம் தொடங்கும்போது 170 பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே விசில் சத்தம் கேட்கும், அப்போதுதான் தள்ளுவார்கள். பை இல்லாதவருக்கு ஒரு தனி வரிசை போட்டாலே பாதிப் பாரம் குறையும்.

2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் இறந்தது இந்த ஊரில்தான். கண்டீரவாவிலிருந்து நடக்கும் தூரம். அங்கே எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் ஒரே அணி, எல்லாரும் சந்தோஷமாக வந்தவர்கள். பகை இல்லாமலே கேட் ஆளைக் கொல்லும். பகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வெளியேறுவது: இங்கிலாந்து மைதானப் பாதுகாப்பு வழிகாட்டிக் கணக்கில் சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66. 1.2 மீட்டர் படிக்கட்டு என்றால் நிமிடத்துக்கு 79. 800 பேர் இறங்கப் பத்து நிமிடம். அதே வழிகாட்டி எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்கிறது. ஆக ஒரு படிக்கட்டு பத்தாது. இப்போது அந்தப் படிக்கட்டின் கீழே கேட்டின் ஒரு கதவை மட்டும் திறந்து, அதில் ஒரு காவலர் சாய்ந்து நிற்கிறார் என்று வையுங்கள். அகலம் பாதியாகிறது, பத்து நிமிடம் இருபதாகிறது. கதவு இரண்டும் முழுசாகத் திறந்து கொக்கி மாட்டியிருக்க வேண்டும். 80வது நிமிடத்தில் ஒருவர் போய்க் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சாவி யாரிடம் என்று அப்போது தேடக்கூடாது.

---

பழைய_ஐலீக்

கணக்கை ஏற்கிறேன். ஆனால் இவ்வளவு செலவும் ஆளும் வேண்டுமென்றால் கிளப் என்ன முடிவெடுக்கும்? "அவே டிக்கெட்டே வேண்டாம்" என்றுதான். அர்ஜென்டினாவில் 2013இல் அப்படித்தான் தடை போட்டார்கள்.

---

எட்டாவது_லேன்

தடை போட்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்பவர்கள் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானைப் பார்க்கட்டும். 2022 அக்டோபர் 1, அரேமா–பெர்செபயா. வெளியூர் ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இல்லை. ஸ்டாண்ட் முழுக்க உள்ளூர்க்காரர்கள். அரேமா 2–3 என்று தோற்றது, சிலர் களத்தில் இறங்கினார்கள், போலீஸ் ஸ்டாண்டை நோக்கிக் கண்ணீர்ப்புகை அடித்தது. மூச்சுத் திணறி எல்லாரும் கேட்டை நோக்கி ஓடினார்கள், கேட்டில் நெரிசல். 135 பேர் இறந்தார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது ஃபிஃபா விதி.

இன்னொன்று. தடை போட்டால் சென்னை ரசிகர் வராமல் இருக்க மாட்டார். ஹோம் டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கி, ஜெர்சிக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, ஹோம் ஸ்டாண்டில் சிதறி உட்கார்வார். கோல் விழுந்ததும் சட்டையைக் கழற்றுவார். நீங்கள் 800 பேரை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், 200 இடத்தில் நாலு நாலு பேராக வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏவின் போட்டிகளில் வெளியூர் கிளப்புக்கு 5 சதவீத இடம் கட்டாயம்.

ஹோம் ஸ்டாண்டில் அப்படி ஒருவரைக் கண்டால் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளாதீர்கள். ஆட்டத்துக்கு முன்பே தெரிந்தால் பேசி அவே பிளாக்குக்கு மாற்றுங்கள். அதற்காக அங்கே எப்போதும் 30, 40 சீட் விற்காமல் வைத்திருக்க வேண்டும். நடு ஆட்டத்தில் தெரிந்தால் இரண்டு ஸ்டூவர்ட், பின்பக்கப் படி வழியாக, முன்வரிசை வழியாக அல்ல. முன்வரிசை வழியாகக் கூட்டிப்போனால் மொத்த ஸ்டாண்டுக்கும் அவர் இலக்காகிவிடுவார்.

---

டிரம்காரன்

பாட்டு, கோஷம் பற்றி நான் எழுதுகிறேன். இதில்தான் நம் ஆட்கள் கையில் முழு அதிகாரமும் இருக்கிறது.

கோஷத்தை ஆள் நிறுத்த முடியாது, டிரம் நிறுத்தும். கெட்ட கோஷம் ஸ்டாண்டின் ஒரு மூலையில் நாலு பேரிடம் தொடங்கும். டிரம் அதோடு சேர்ந்தால் முப்பது வினாடியில் மொத்த பிளாக்கும் பாடும். டிரம் சேராவிட்டால் கால் நிமிடத்தில் தானே செத்துவிடும். அதனால் விதி ஒன்றுதான்: மெகாஃபோன் பிடித்திருக்கும் கேபோ கை காட்டாமல் டிரம் அடிக்கக்கூடாது. கெட்ட கோஷம் எழுந்தால் கேபோ திட்டக்கூடாது, திட்டினால் வீம்புக்குக் கத்துவார்கள். உடனே அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த, வேகமான பாட்டை.

எது கூடும்? எதிரணி கோல்கீப்பர் பந்தைத் தட்டும்போது "ஓஓஓ" என்று இழுப்பது, விரல்களால் 3–2 காட்டுவது, தோற்ற ஆட்டத்தை நினைவூட்டுவது, வாங்கிய ஆட்டக்காரனின் விலையைச் சொல்லிக் கத்துவது. எல்லாம் ஆட்டத்துக்குள்.

எது கூடாது? காவிரி. தண்ணீர் பற்றிய எந்த வார்த்தையும். தாய், சகோதரி. சாதி. தமிழரை இழிவாகச் சொல்லும் "கொங்கா" என்ற சொல், அதற்குப் பதிலாக நாம் சொல்வதும். ஒரு ஆட்டக்காரனின் நிறம். கிரிக்கெட் பகையையும் இங்கே இறக்காதீர்கள். ஆர்சிபி–சிஎஸ்கே வேறு கணக்கு, அது வந்தால் கால்பந்து பார்க்காதவர்களும் உள்ளே வந்து விழுவார்கள்.

இதில் நம் அல்சூர், ஆஸ்டின் டவுன் தமிழ் ஆட்களுக்கு ஒரு பொறுப்பு கூடுதல். எதிர் ஸ்டாண்டில் தமிழில் கத்துவது முழுசாகப் புரிவது நமக்குத்தான். பக்கத்தில் இருக்கும் கன்னட நண்பனுக்குப் புரியாது, நம் முகத்தைப் பார்ப்பான், "என்ன சொன்னான்?" என்பான். அப்போது மொழிபெயர்க்காதீர்கள். அரை வாக்கியத்தை மொழிபெயர்த்துச் சொல்வது தீக்குச்சி கிழிப்பது மாதிரி.

---

அல்சூர்_ஏரிக்கரை

> அப்போது மொழிபெயர்க்காதீர்கள்

இதைப் பிரின்ட் எடுத்துப் பிளாக்கில் ஒட்ட வேண்டும்.

தமிழ் பேசுகிறவன் பெங்களூரு அணிக்குக் கத்தினால் துரோகம் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. இந்த ஊர் கால்பந்தில் தமிழன் விருந்தாளி இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது, இந்த மண்ணில் ஆடி வளர்ந்தவர். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர் என்று பெயர் வாங்கிய ஐந்து முன்கள ஆட்டக்காரர்களில் தன்ராஜும் அகமத் கானும் இங்கிருந்து போனவர்கள். கவுதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை நிற்கிறது. பெங்களூரு ரசிகர்களின் வெஸ்ட் பிளாக்கில் நின்று தமிழில் ஒருவன் சென்னைக்கு எதிராகக் கத்தினால் அவன் தன் ஊருக்காகக் கத்துகிறான். அவனை அவே ஆட்கள் "நீ யாருடா" என்று கேட்பதும், ஹோம் ஆட்கள் "நீ உண்மையா எங்க பக்கமா" என்று கேட்பதும் ஒரே தப்பு.

---

மஞ்சட்கொடி

பாலக்காட்டுத் தமிழ், கேரளா பிளாஸ்டர்ஸ். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை: ஆட்டம் பாதியில் நின்றால்?

2023 மார்ச் 3, இதே கண்டீரவா, பிளேஆஃப். கூடுதல் நேரம், 96வது நிமிடம். சேத்ரி ஃப்ரீகிக்கைச் சுவர் தயாராகும் முன்பே அடித்தார், கோல் என்று நடுவர் சொன்னார். எங்கள் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியைக் களத்தை விட்டே கூட்டிப் போனார். பிறகு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப் கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம். அந்தக் கோல் சரியா தப்பா என்று இங்கே கிளற வேண்டாம்.

நான் கேட்பது ஸ்டாண்ட் பற்றி. ஆட்டக்காரர் யாரும் இல்லாத களம், ஸ்கோர்போர்டில் எதுவும் மாறவில்லை, போனில் ஆளுக்கு ஒரு வதந்தி. அந்த நேரத்தில் மைக்கில் யாராவது பேச வேண்டும். கன்னடத்தில் மட்டுமோ ஆங்கிலத்தில் மட்டுமோ போதாது, வந்திருக்கும் ரசிகரின் மொழியிலும் வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் நாலு அறிவிப்பை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: ஆட்டம் நிறுத்தப்பட்டுள்ளது, இருக்கையிலேயே இருங்கள். அடுத்த தகவல் ஐந்து நிமிடத்தில். ஆட்டம் முடிந்தது. அவே பிளாக் இத்தனை மணிக்குத் திறக்கும். ஐந்து நிமிடம் என்று சொன்னால் தகவல் இல்லாவிட்டாலும் ஐந்தாவது நிமிடம் பேச வேண்டும். மௌனம்தான் ஆளைக் கம்பிக்கு இழுக்கும். ஹோம் டிஜே கொண்டாட்டப் பாட்டை உடனே போடக்கூடாது, அது ரொம்ப முக்கியம்.

---

மெரினா_நீலம்

கரெக்ட். அதோட ஆட்டம் முடிஞ்சு நிறுத்தி வைக்கிற விஷயத்தையும் சேருங்க. அவே பிளாக்கை 15, 20 நிமிஷம் உள்ள வெச்சுக்கறது தப்பில்ல. ஆனா அதை டிக்கெட்லயே அச்சடிக்கணும். திடீர்னு கேட்டை மூடினா ராத்திரி ரயில் பிடிக்கணும்னு நிக்கறவன் கேட்ல ஏறுவான். 7.30க்கு ஆரம்பிச்ச ஆட்டம் 9.25 போல முடியும், 9.45க்கு கேட் திறக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா அவன் அடுத்த ரயில்ல புக் பண்ணியிருப்பான்.

அந்த 20 நிமிஷம் விளக்கு எரியணும், கழிப்பறை திறந்திருக்கணும், தண்ணி இருக்கணும். மூணுல ஒண்ணு இல்லாட்டியும் 10வது நிமிஷம் தள்ளுமுள்ளு. எங்க ஆட்டக்காரங்க அந்த நேரத்துல பிளாக் முன்னாடி வந்து கை தட்டினா அஞ்சு நிமிஷம் சும்மாவே போயிடும், தோத்திருந்தாலும். இது கிளப் மேனேஜர் கிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும், இல்லன்னா குளிக்கப் போயிடுவாங்க. 30 நிமிஷத்துக்கு மேல வெச்சா எந்த டெக்னிக்கும் வேலை செய்யாது.

---

பழைய_ஐலீக்

இறங்கி வருகிறேன். வெற்றிடம், தனி வழி, 20 நிமிடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சேருங்கள்: ஆட்டத்துக்கு முன் இரண்டு ரசிகர் குழுவும் உட்கார்ந்து பேச வேண்டும். பெங்களூரின் வெஸ்ட் பிளாக் புளூஸ் பக்கம் ஒருவர், சென்னை பக்கம் பி ஸ்டாண்ட் புளூஸ் ஒருவர், சூப்பர்மச்சான்ஸ் ஒருவர், கிளப் பாதுகாப்பு அதிகாரி, ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். ஒரே வாட்ஸ்அப் குழு. போனை எடுக்கக்கூடிய ஐந்து பேர் போதும், ஐம்பது பேர் இருந்தால் அது அரட்டைக் குழு. ஐரோப்பாவில் ரசிகர் தொடர்பு அலுவலர் என்று ஒருவரை கிளப் வைத்தே ஆக வேண்டும். இங்கே அந்தப் பதவி இல்லாவிட்டாலும் வேலையைச் செய்யலாம்.

---

காக்ஸ்டவுன்_சித்ரா

அந்தக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். கழிப்பறைப் பிரச்சினையை நீங்கள் யாரும் போன் செய்து சொல்ல மாட்டீர்கள்.

---

அல்சூர்_ஏரிக்கரை

ஏற்றுக்கொண்டேன், சித்ரா. டிரம்காரன், உங்களிடம் கடைசியாக ஒன்று. டிரம், பேனர் பட்டியல் எப்போது, எப்படிக் கொடுப்பது? போன தடவை கேட்டில் டிரம்மை நிறுத்திவிட்டார்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

---

டிரம்காரன்

ஆட்டத்துக்கு ஏழு நாள் முன்னால், எழுத்தில். ஒவ்வொரு டிரம்முக்கும் விட்டம், ஆழம், தூக்குபவர் பெயர், போன் நம்பர். 800 பேர் பிளாக்குக்கு நாலு டிரம் தாராளம். அடிப்பக்கம் தோல் இல்லாத ஒருபக்க டிரம்மாக இருக்க வேண்டும், உள்ளே கை விட்டுப் பார்க்க முடிந்தால்தான் போலீஸ் விடும். இருபக்கமும் மூடிய டிரம் கேட்டிலேயே நிற்கும், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. குச்சி தலைக்கு இரண்டு, உதிரியாக இரண்டு. கட்டு கட்டாகக் குச்சி கொண்டு வந்தால் கட்டையாகத்தான் பார்ப்பார்கள்.

பேனருக்கு நீளம், அகலம், எழுதியிருக்கும் வாசகம், அதன் போட்டோ. தமிழில் எழுதியிருந்தால் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாத வாசகத்தைப் பார்த்தால் அதிகாரி சந்தேகப்படுவார், அது நியாயம்தான். கொடிக்கு மூங்கில் வேண்டாம், ஒரு மீட்டருக்குள் மெல்லிய பிவிசி குழாய், உள்ளே கம்பி சொருகாதது. ஃபிளேர் எந்த வடிவத்திலும் கிடையாது. கையில் பிடிக்கும் தீப்பந்தம் 1600 டிகிரி வரை போகும், பாலியஸ்டர் ஜெர்சி அதன் முன்னால் உருகித் தோலில் ஒட்டும்.

இடைவேளையில் பேனரைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு பேர் பக்கத்தில் நிற்கட்டும். கடைசி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் முதலில் சுருட்ட வேண்டியது பேனர், பிறகு டிரம். இரண்டும் பஸ்ஸுக்குக் கூட்டத்தின் நடுவில் போகட்டும், பின்னால் கடைசியாகத் தனியே வரக்கூடாது.